ஒரு முறம் தவிடு

உளுந்து பொங்கி வருகிறது, குழவியைச் சுற்றி வெள்ளைவெளேரென்று ஏறி ஏறித் தானே மடிந்து விழுகிறது, இன்னும் ஒரு கை ஐஸ் தண்ணீர் தெளித்தால் சரியாக இருக்கும், அதற்குள் போன் அடிக்கக் கூடாது, அடித்தால்தான் என்ன, அடிக்கட்டும், இல்லை, உளுந்தை வழித்து அரிசியைப் போட்ட பிறகு அடிக்கட்டும். மத்தியானத்துக்குள் ரத்த டெஸ்ட் ரிசல்ட் வந்துவிடும், வந்ததும் நானே கூப்பிடுகிறேன் என்று ஜெனிட்டா மேடம் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் மத்தியானம் எப்போது வருமோ, எனக்கு மத்தியானம் என்றால் வெயில் சமையல்மேடையை விட்டுக் கீழே இறங்கியிருக்கும் நேரம், இன்னும் இறங்கவில்லை. போனை ஜன்னல் கட்டையில் சார்ஜ் போட்டுக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், அதன் மூஞ்சி தெரிந்தால் அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன், வேலை ஓடாது, சாயந்திரம் கடைகளுக்கு மாவு பாக்கெட் போக வேண்டும். ஜன்னலுக்குக் கீழே தூளி. தூளியில் என் பையன், ஏழு மாசம், வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். தூளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அக்கா சின்ன வெங்காயம் உரிக்கிறாள். அவன் பக்கம் திரும்ப மாட்டாள், திரும்பினால் ஆசை தெரிந்துவிடுமாம், யாருக்குத் தெரிந்துவிடும் என்று கேட்டால் இன்னொரு வெங்காயத்தை எடுப்பாள். வாசலுக்கு உள்ளே, செருப்பு விடுகிற இடத்தில், தவிட்டு மூட்டை. சின்னதுதான், அக்கா அதை அரூர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கியபோது யார் பிள்ளையையோ தூக்கி வருகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். இறக்கி வைத்ததிலிருந்து அது அவ்வப்போது உஸ்ஸென்று மூச்சு விடுகிறது. தவிடு அப்படித்தான், உள்ளுக்குள் சரியும், காற்று வெளியே வரும், தெரியும் எனக்கு. தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கிறேன்.

அக்கா அக்கா என்கிறேனே, அவள் எனக்கு அக்கா இல்லை. என்னைப் பெற்றவள். எனக்கு முன்னால் மூன்று பேரைப் பெற்றாள், மூன்று பேரும் பிறக்கும்போது கொழுகொழுவென்று பிறந்து, தவழுகிற வயசில் வெளுக்க ஆரம்பித்து, வயிறு மட்டும் பெருத்து, நிற்கப் பழகுவதற்குள் போய்விட்டார்கள். நாலாவதாக நான். தொப்புள் கொடியின் ஈரம் காய்வதற்குள் என்னைத் தூக்கிப் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியம்மா மடியில் போட்டுவிட்டார்கள். அப்புறம் என்னைப் பெற்றவள் ஒரு முறத்தில் தவிடு எடுத்துக்கொண்டு அந்த வாசலில் போய் நின்று, "உம் புள்ளையக் குடுக்கறயா, தவுட்டுக்கு வாங்கிக்கறேன்" என்று தெருவே கேட்கிற மாதிரிக் கேட்டு, தவிட்டைக் கொட்டிவிட்டு என்னை வாங்கிக்கொண்டு வந்தாள். அவள் பிள்ளைகளைத் தேடி வருகிறது எதுவோ, அது இனிமேல் வந்தால் இந்த வீட்டில் இவள் பெற்றது ஒன்றுமில்லை, இருக்கிறது பக்கத்து வீட்டுச் சரக்கு என்று திரும்பிப் போய்விட வேண்டும். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எங்கள் பக்கத்தில் தவிட்டுக்கு வாங்கின பிள்ளைகள் நிறைய உண்டு, பெயரில் மட்டும் தவிடு ஒட்டியிருக்கும், மற்றபடி அம்மாவை அம்மா என்றுதான் கூப்பிடும். இவள் விடவில்லை. பாப்பாத்தியம்மாவைத்தான் நான் அம்மா என்று கூப்பிட வேண்டும், இவள் அக்கா. வீட்டில் பெயர் தவுடு. தலைமையாசிரியர் தவுடு என்று எழுதக் கை கூசி தவமணி என்று எழுதிவிட்டார். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட என்னை மகளே என்று அவள் கூப்பிட்டதில்லை, ஏய் தவுட்டுக்காரி, பக்கத்து வீட்டுப் பொண்ணே, காய்ச்சலில் நான் அனத்தியபோதுகூட, "யாரு பெத்ததோ, எம் பாயில வந்து படுத்துக்கிட்டு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே விடிய விடிய நெற்றியில் துணி நனைத்துப் போட்டாள். நான் எதற்கும் சிரிக்கிறவள், இதற்கும் சிரித்துக்கொண்டே வளர்ந்தேன். கட்டிக்கொண்டது யாரை, அக்காவின் கூடப் பிறந்த தம்பியை, என் தாய்மாமனை. மாதேஷ் மாமாவுக்கும் அவள் அக்கா, எனக்கும் அவள் அக்கா. ஆஸ்பத்திரியில் இதைக் கேட்டு நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவருக்கும் அக்கா, உங்களுக்கும் அக்காவா? அப்ப ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சியா?" நானும்தான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஜெனிட்டா மேடம் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்தேன்.

உளுந்து ஆயிற்று. வழிக்கிறேன். விரலில் ஒட்டாமல் நுரை மாதிரி வருகிறது, ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் மிதக்கிறது, மிதந்தால் நல்ல மாவு. அரிசியைப் போட்டதும் கிரைண்டர் குரல் மாறிவிடும், கரகரவென்று, தொண்டையில் ஏதோ சிக்கினவன் பேசுகிற மாதிரி. மேடம் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான், நீங்க ஏன் கல்யாணத்துக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணல, உங்க ஊர்லதான் கேம்ப் போட்டோமே. போட்டார்கள். நான் பன்னிரண்டாவது படித்தேன் அப்போது. பள்ளிக்கூடத்து மைதானத்தில் பந்தல் போட்டு, குடும்பம் குடும்பமாக ரத்தம் எடுத்தார்கள், அம்மா அப்பா பிள்ளை என்று வரிசை. எங்கள் வரிசையில் அப்பா கிடையாது, எனக்கு நினைவு தெரியும் முன்பே போய்விட்டார், அக்காவுக்குப் பின்னால் நான் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நின்றேன், ஊசி என்றால் ஓடி ஒளிகிறவள் நான். கண்ணாடி போட்ட ஒரு டாக்டர், "இது உங்க பொண்ணாம்மா?" என்று கேட்டார். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்குப் புள்ளையே இல்ல சார். பொறந்ததெல்லாம் போயிருச்சு. இது வெலைக்கு வாங்குனது." "தத்து எடுத்ததா?" "ஆமா." "அப்ப இந்தப் பொண்ணு வேண்டாம். அடுத்த ஆளு." தப்பித்தோம் என்று நான் குதித்துக்கொண்டு ஓடினேன், போகிற போக்கில் ரத்தம் கொடுத்தவர்களுக்கு வைத்திருந்த பிஸ்கட்டில் கை நிறைய அள்ளிக்கொண்டு. கொஞ்ச நாள் கழித்து அக்காவுக்குச் சொல்லி அனுப்பினார்கள், உனக்கு ஒண்ணு இருக்கு, உன் வயித்துல பொறந்தவங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வா என்று. யாரும் இல்லை என்று சொல்லிவிட்டாள். பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. அத்தனை வருஷமாகச் சொன்னதைத்தான் அன்றைக்கும் சொன்னாள். எதன் காதில் விழட்டும் என்று சொன்னாளோ, அது அந்தக் கண்ணாடி டாக்டருக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தது என்பதுதான் அவள் கணக்கு.

அரிசி விழுந்துவிட்டது. கரகர. பையன் சிணுங்குகிறானா, இல்லை, தூளிச் சேலை கம்பியில் உராய்கிற சத்தம். நான் ஆட்டவில்லை, அக்கா ஆட்டவில்லை, காற்றும் கிடையாது, தூளி மட்டும் லேசாகப் போய் வருகிறது. புரண்டு படுத்திருப்பான். போய்க் கையை விட்டுப் பார்க்கிறேன், சூடாக இருக்கிறான், மார்பு ஏறி இறங்குகிறது. உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கிறேன், பார்க்கக் கூடாது என்று காலையில்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தடுப்பூசிக்குப் போன இடத்தில் நர்ஸ் அவன் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு இன்னொரு கண்ணையும் இழுத்துப் பார்த்தாளே, அப்போது நானும் எட்டிப் பார்த்தேன். உள்பக்கம் சிவப்பாக இருக்க வேண்டிய இடம். ஊறவைத்த அரிசி நிறம். அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் நிறம்தான் கண்ணில் படுகிறது, தோசைக்கல்லில் வேகாத மாவு, சுவரில் சுண்ணாம்பு, பல்லிக் குஞ்சின் வயிறு. மூன்று பேரும் இப்படித்தான் ஆரம்பித்தார்களா என்று அக்காவிடம் கேட்டேன். "எந்த மூணு பேரு?" என்றாள். பையனுக்கு சஷ்விந்த் என்று மாமா நெட்டில் தேடிப் பெயர் வைத்தார், அக்காவுக்கு அது வாயில் வரவே வரவில்லை, சச்சு, சச்சிந்து, சனியன் புடிச்ச பேரு. ஆனால் பெயரை மாற்றச் சொல்லவே இல்லை. "நுழையாத பேருதான் நல்லது. எம் வாயிலயே நுழையல, எமன் வாயில மட்டும் நுழஞ்சிருமா." மாமா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு ராத்திரி பால் கொடுக்கும்போது அவன் பெயரை மெதுவாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், எவ்வளவு சுலபமாக வருகிறது.

எல்லாம் ரெண்டு ரெண்டு என்றார் மேடம். "உடம்புல எல்லாமே ரெண்டு தடவ எழுதியிருக்கும் தவமணி, அம்மா குடுத்தது ஒண்ணு, அப்பா குடுத்தது ஒண்ணு. ரத்தத்துக்கான எழுத்து ரெண்டும் சரியா இருந்தா ஒண்ணுமில்ல. ரெண்டும் தப்பா இருந்தா தலசீமியா, ரத்தம் ஊறாது, ஆயுசுக்கும் ஏத்திக்கிட்டே இருக்கணும். ஒண்ணு சரி, ஒண்ணு தப்பு. அது நீங்க. உங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். குழந்தைக்கு யாரு எதக் குடுத்திருக்கீங்கன்னு டெஸ்ட்லதான் தெரியும்." பத்தாம் வகுப்பில் படித்ததுதான், பட்டாணிச் செடி, நெட்டை குட்டை, நாலு கட்டம் போட்டு நிரப்புவோம். நடுவில் வருகிற ரெண்டு கட்டத்துக்குக் கலப்பின நெட்டை என்று பெயர், நெட்டையாகத்தான் இருக்கும், உள்ளே ஒரு குட்டை ஒளிந்திருக்கும். அறிவியல் சார் அதற்கு மேல் சொல்லவில்லை, ஒளிந்திருப்பது உள்ளே என்ன பண்ணிக்கொண்டிருக்கும் என்று நானும் கேட்கவில்லை. "அப்ப நான் பாதி நோயாளியா மேடம்?" "அப்படின்னா நாங்க ஏன் இவ்வளவு மண்டைய ஒடைச்சுக்கறோம்? நோய் இருக்கவங்க ஒரு பக்கம், இல்லாதவங்க ஒரு பக்கம்னு பிரிச்சுக் கணக்குப் போடுவாங்க. ஒண்ணு மட்டும் வச்சிருக்கவங்கள ஏதாவது ஒரு பக்கம் தள்ளிவிட்டுருவாங்க, இல்லன்னா ரெண்டுக்கும் சரிபாதின்னு நெனச்சுக்குவாங்க. பாத்தா சில விஷயத்துல நீங்க எந்தப் பக்கமும் சேர மாட்டீங்க. தனி ஆளுங்க." எனக்கு உடனே மாவுதான் ஞாபகம் வந்தது. அரைக் கை உப்புப் போட்டால் பாதி உப்பு, அது ஒரு கணக்கு. நேற்றைய மாவு ஒரு கரண்டி விட்டால் அண்டா முழுக்கப் புளித்துவிடும், அதில் பாதி என்பதே கிடையாது. ஒன்று இருந்தால் எந்தக் கணக்கு என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும். என்னைப் போட்டுப் பார்த்தாகிவிட்டது. நன்றாகத்தான் இருக்கிறேன், அண்டா தூக்குகிறேன், மாடிப்படி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்கும், யாருக்குத்தான் வாங்காது. "முன்னாடி காட்டுக் காய்ச்சல், அதான் மலேரியா, வந்து ஊர் ஊரா செத்தப்ப, ஒண்ணு வச்சிருந்தவங்க தப்பிச்சிருக்காங்க. அதனாலதான் அது இன்னும் உங்க பக்கத்துல நெறைய இருக்கு" என்றார் மேடம், எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார், பாவம். பஸ்ஸில் வரும்போது அது எனக்கு ஆறுதலாக இல்லை. காப்பாற்றியிருக்கிறது, சரி, எதற்குக் காப்பாற்றியது. ஆட்டுக்காரன்கூடத்தான் ஆட்டை நரி அண்டாமல் பார்த்துக்கொள்கிறான்.

படக்கென்று எல்லாம் நின்றுவிட்டது. கரண்ட். கிரைண்டர் கடைசியாக ஒரு சுற்று இழுத்துக்கொண்டு போய் நிற்கிறது, பேன் நிற்கிறது, கேட்டுக்கொண்டே இருந்த சத்தம் போனதும் வீடு பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கிறது. வெங்காயத் தோல் உரிகிற சத்தம்கூடக் கேட்கிறது. உஸ்ஸென்று மூட்டை. நான் திரும்பவில்லை இந்தத் தடவை. அக்கா உரிப்பதை நிறுத்திவிட்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, எதையோ காது கொடுத்துக் கேட்கிறாள். இதே மாதிரிச் சாய்த்த தலையை நான் பார்த்திருக்கிறேன். ஒண்ணாவதோ ரெண்டாவதோ படிக்கும்போது, பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டு வந்து, அக்காவைப் பயமுறுத்தலாம் என்று நெல் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அடுப்படியில் அவள் ஒரு தட்டில் சோறு போட்டுப் பிசைந்தாள். பிசைந்து மூன்று உருண்டை வைத்தாள். தலையைச் சாய்த்துக்கொண்டு, ரகசியமாக, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள், கேள்விப்படாத பெயர்கள், "வாங்க கண்ணுங்களா, ஆறிரப் போகுது." அவ்வளவு இனிமையான குரல் அவளுக்கு உண்டு என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது. மூன்று பெயர் சொன்னாள், நாலாவதாக என் பெயர் வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. அந்த வீட்டில் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள், நான் இல்லை, என்று எனக்கு அப்போது ரொம்பத் தெளிவாகத் தெரிந்தது, குதிருக்குப் பின்னால் இருட்டில் என் கையை நானே தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வெளியே வந்து பே என்று கத்தினேன். அக்கா அலறிக்கொண்டு திரும்பி, "யாரு நீ?" என்றாள். விளையாட்டுக்குத்தான் கேட்டாள் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

கரண்ட் வந்துவிட்டது, கிரைண்டர் யாரும் தொடாமலே மறுபடி ஆரம்பிக்கிறது, நல்லவேளை. ஓரத்தில் ஒட்டியதைத் தள்ளிவிடுகிறேன். "தவமணீ" என்று வாடகை வீட்டுக்கார ரஞ்சிதம் அக்கா வாசலில் தலையை நீட்டுகிறாள். மாடு வைத்திருக்கிறாள், ஆள் எப்போதும் சிரித்த முகம். "என்ன, நல்ல நேரம் முடியறதுக்குள்ள தர்றீங்களா இல்லையா? புள்ளைய எம் மடியில போட்டா நான் எழுந்திரிச்சு ஓடியா போயிருவேன்? தவுட்ட எங்க செவலைக்குப் போட்டுட்டுத் திருப்பிக் குடுத்தர்றேன்." அக்கா என்னைப் பார்க்கிறாள். காலையிலிருந்து இதே பேச்சுதான். "போனு வர்றதுக்கு முன்னாடி பண்ணிரணும்டி. வந்து சொல்லிட்டா சொன்னதுதான். சொல்றதுக்கு முன்னாடின்னா மாத்திரலாம்." "டெஸ்ட் எடுத்தாச்சு அக்கா. இனிமே என்னத்த மாத்தறது, ரத்தம் போன வாரமே போயிருச்சு." "உனக்கு மாத்துனனே. நீ இருக்கியா இல்லயா?" இருக்கிறேன். கை நிறைய மாவோடு இருக்கிறேன். "நாளைக்கு அவன் என்னைய என்னன்னு கூப்புடுவான்?" என்று கேட்கிறேன். "அக்கான்னு கூப்புடட்டும். உசுரோட கூப்புடறானா, அது போதாதா?" என்கிறாள், வெங்காயமோ என்னவோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு. ரஞ்சிதம் அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு, "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வர்றேன், அதுக்குள்ள முடிவு பண்ணுங்க" என்று போய்விட்டாள்.

முடிவு பண்ண என்ன இருக்கிறது என்று உதறலாம். உதற முடியவில்லை, அதுதான் விஷயம். ஒரு முறம் தவிடு, ரெண்டு வார்த்தை, என்ன நஷ்டம். பலிக்காவிட்டால் ஒன்றுமில்லை, பலித்தால் பிள்ளை. அக்கா என்று கூப்பிடுவான், கூப்பிடட்டும், ராத்திரி தூக்கத்தில் மார்பைத் தேடும்போது பிள்ளைக்கு என்ன பெயர் தெரியும். ஆனால் நான் என்ன சொல்லிக் கொஞ்சுவேன். யாரு பெத்ததோ என்று. இப்போதே பழகிப் பார்க்கிறேன், வாய்க்குள்ளேயே, யாரு பெத்ததோ, கரகர, யாரு பெத்ததோ, கிரைண்டரோடு சேர்ந்து ஓடுகிறது, ஓட ஓட அது நிஜம் மாதிரி ஆகிறது, தூளியில் இருப்பது யார் பிள்ளை, நான் எதற்கு இந்த வீட்டில் நிற்கிறேன். பாப்பாத்தியம்மா செத்தபோது மகள் முறைக்கு என்னைத்தான் தலைமாட்டில் உட்கார வைத்தார்கள், அம்மா அம்மா என்று அழுதேன், நிஜமாகவே அழுதேன், அக்கா வேற்று ஆள் மாதிரி பந்தல் கால் பக்கம் நின்றாள். விற்றவள் போய்ச் சேர்ந்துவிட்டாள், இனிமேல் என்னைத் தேடிக்கொண்டு அது வந்தால் நான் யாருடையவள் என்று அன்றைக்கு ராத்திரி தோன்றியது, இவள் தன் பிள்ளை இல்லை என்கிறாள், அவள் இல்லை. தெருவில் கிடக்கிறது என்று எடுத்துக்கொண்டு போய்விடாதா. அக்காவுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும், ஏனென்றால் அதற்கப்புறம்தான் அவசர அவசரமாக என்னைத் தம்பிக்குக் கட்டி வைத்தாள். வீட்டுக்குள் என்னை வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரிந்த இன்னொரு வழி. அந்த வழியில்தான் ரெண்டு ஒன்றும் சேர்ந்துவிட்டன, அவள் தம்பியிடம் ஒன்று, என்னிடம் ஒன்று, ஒரே பாயில். அவள் எனக்குக் கொடுத்தேன் என்று ஒப்புக்கொண்டது எதுவுமே கிடையாது, ஒரு பெயர்கூட, இது மட்டும்தான் எந்தத் தவிட்டுக்கும் ஏமாறாமல், இவள் உன் மகள்தான் என்று சொல்லிக்கொண்டு என் ரத்தத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அரிசி ஆயிற்று. ரெண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்க்கிறேன், நறநறப்பு போதும். வெயில் மேடையை விட்டு இறங்கிவிட்டது. அண்டாவில் உளுந்து மேல் அரிசி மாவைக் கொட்டி, கல்லுப்பைக் கரைத்து ஊற்றி, முழங்கை வரைக்கும் கையை விட்டுக் கலக்குகிறேன். கையால் கலக்கினால்தான் மாவு பொங்கும், கரண்டி போட்டுக் கலக்கினால் பொங்காது. குளிர்ச்சியாக இருக்கிறது, கனமாக, அடியில் போகப் போக உளுந்து எது அரிசி எது என்று தெரியாமல் போகிறது, இனி யார் நினைத்தாலும் பிரிக்க முடியாது. அப்போதுதான் போன் அடிக்கிறது. கவிழ்ந்து கிடந்தபடி ஜன்னல் கட்டை மேல் தானே நகர்ந்து நகர்ந்து அடிக்கிறது. கையை எடுக்க வேண்டும், எடுக்கவில்லை. கை வரவில்லை. "அக்கா, எடு." அக்கா உட்கார்ந்தபடியே எக்கி எடுக்கிறாள், சார்ஜ் வயர் தூளி மேல் விழுகிறது, அவளுக்குப் பச்சையைத் தள்ளத் தெரியும், தள்ளுகிறாள், எங்கே கை பட்டதோ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். "ஹலோ, தவமணியா?" வீடு முழுக்க மேடம் குரல். "அவ மாவு கலக்கறா. சொல்லும்மா." "நீங்க யாரு பேசறது? ரிசல்ட்டு, வீட்டு ஆளுங்ககிட்டதான் சொல்லணும். தவமணிக்கு நீங்க என்ன வேணும்?" என்கிட்டயே சொல்லுங்க மேடம் என்று ஒரு சத்தம் போட்டால் தீர்ந்தது, ரெண்டடி தூரத்தில் நிற்கிறேன். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கவில்லை என்பது எனக்கே நன்றாகத் தெரிகிறது. அக்கா வாசலைப் பார்க்கிறாள். மூட்டையைப் பார்க்கிறாள். ஜன்னலை, கிரைண்டருக்குப் பின்னால் இருக்கிற மூலையை, உத்திரத்தை, எங்கெங்கே எது நிற்க முடியுமோ அங்கெல்லாம் பார்க்கிறாள். பிறகு முதல் தடவையாகத் தூளிப் பக்கம் முழுசாகத் திரும்பி, வெங்காய நாற்றம் அடிக்கிற உள்ளங்கையால் பையனின் காதைப் பொத்திக்கொள்கிறாள். "ஹலோ? லைன்ல இருக்கீங்களா?" "இருக்கறேன்" என்கிறாள் அக்கா. "அவ எம் பொண்ணு. எம் வயித்துல பொறந்தவ. நாந்தான் பெத்தேன்." திருடனிடம் நகை இருக்கிற இடத்தைக் காட்டுகிறவள் மாதிரி, அவ்வளவு சின்னக் குரலில்.

ஒன்றும் நடக்கவில்லை. கரண்ட் போகவில்லை, மூட்டை மூச்சு விடவில்லை, தெருவில் யாரோ ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ணுகிறார்கள். "அம்மாவா! அன்னைக்கு அக்கான்னாங்களே" என்கிறது போன், "சரிம்மா, பயப்படாதீங்க, நல்ல சேதிதான். மரபணு டெஸ்ட்டு வந்துருச்சு. பையனுக்கு ஒண்ணுதான். ரெண்டு இல்ல. அவங்க அம்மா மாதிரியே. இரும்புச் சத்து கொஞ்சம் கம்மியா இருக்கு, வெளுப்பு அதனாலதான், சொட்டு மருந்து எழுதித் தரோம், சரியாயிரும். பெரியவனாகிக் கல்யாணம்னு வர்றப்ப மட்டும் பொண்ணுக்கும் டெஸ்ட் எடுக்கணும், மறக்கக் கூடாது." அண்டாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், மூக்கில் வழிவது மாவில் விழுந்துவிடக் கூடாதே என்று தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறேன், ஒன்று, ஒன்று, அவனுக்குள்ளும் ஒன்று ஒளிந்துகொண்டது, ஒளியட்டும், இருக்கட்டும், நான் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வளர்ப்பேன், ஒளிக்க மாட்டேன். அக்கா போனை வைக்கவில்லை. "அம்மா," என்கிறாள் மேடத்திடம், "அப்ப... இவளுக்கு முன்னாடி எனக்கு மூணு போச்சே." "அதுங்களுக்கு உங்ககிட்டருந்து ஒண்ணு, அவங்கப்பாகிட்டருந்து ஒண்ணு, ரெண்டும் சேர்ந்திருக்கும்மா. அப்ப யாருக்குத் தெரியும்." "இவளுக்கு?" "இவங்களுக்கு ஒண்ணு. வயித்துல உண்டானப்பவே ஒண்ணுதான். அதான் ஒண்ணும் ஆகல." "உண்டானப்பவே," என்கிறாள் அக்கா. "அப்ப தவுடு?" "என்ன தவுடும்மா?" "ஒண்ணுமில்ல சாமி. வச்சிரு."

வைக்கத் தெரியாமல் போனைத் தரையில் கவிழ்த்து வைக்கிறாள். பையன் விழித்துவிட்டான், அழாமல், தன் காது மேல் இருக்கிற கையின் விரல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்க்கிறான், அவளும் அவனைப் பார்க்கிறாள், பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று காத்துக்கொண்டிருக்கிறேன். உரித்த வெங்காயம் ஒன்று உருண்டு மூட்டையில் போய் முட்டி நிற்கிறது. "மகளே" என்கிறாள். அதே குரல், அடுப்படியில் சோற்றுத் தட்டுக்கு முன்னால் கேட்ட அந்தக் குரல். சட்டென்று நான் பின்னால் திரும்பி, வாசலில் யார் வந்து நிற்கிறார்கள் என்று பார்க்கிறேன். யாரும் இல்லை. செருப்புகள், மூட்டை, வெயில். "மகளே" என்று மறுபடியும் கூப்பிடுகிறாள், இந்தத் தடவை அவள் கண் என் மேல்தான் இருக்கிறது. முழங்கையிலிருந்து மாவு சொட்டுகிறது. "என்ன" என்கிறேன். அதற்குப் பக்கத்தில் ஒரு வார்த்தை வர வேண்டும், சின்ன வார்த்தைதான், என் பையன் இன்னும் ரெண்டு மாசத்தில் சொல்லிவிடுவான், என் வாய்க்கு அது வரவில்லை.